நரிக்கும் மானுக்கும் ஒரே எடை

ஒன்றை வாங்கி இரண்டு காரியம் முடித்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை, தலைநகரில் வாழும் நம் போன்ற நடுத்தரக் குடும்பத்தாருக்குப் புதிதன்று. படுக்கும் கட்டிலே பெட்டியாகவும் இருக்க வேண்டும். கோடையில் அதனுள் ரஜாய் உறங்க வேண்டும், குளிர்காலத்தில் மேசை விசிறி உறங்க வேண்டும். மைத்துனன் திருமணத்திற்குத் தைத்த கோட்டு அலுவலக ஆண்டு விழாவிற்கும் உதவ வேண்டும். இத்தகைய சிக்கனங்களில் பெரிய தீங்கு ஒன்றும் இல்லை. கோட்டு பொருந்தாவிட்டால் நான்கு பேர் சிரிப்பார்கள், அவ்வளவே. ஆனால், அளவு தவறினால் ஓர் உயிர் நாட்கணக்கில் துடிக்க நேரும் என்ற இடத்தில், 'இரண்டிற்கும் ஒன்று போதுமா?' என்ற கேள்வி வேறு வடிவம் எடுத்துவிடுகிறது.

அப்படிப்பட்ட ஒரு கேள்வி சென்ற ஆண்டு நம்மிடம் வந்து சேர்ந்தது. நரியைச் சுடவும் மானைச் சுடவும் ஒரே எடையுள்ள ரைபிள் குண்டு போதுமா? போதும் என்றால் எந்த எடை? குடியரசு நாள் அணிவகுப்பில் அன்றித் துப்பாக்கியை அருகில் கண்டறியாத ஒரு மத்திய அரசு எழுத்தரிடம் இக்கேள்வி எப்படி வந்தது என்று அன்பர்கள் வியக்கலாம். வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் அக்காள் வாழ்க்கைப்பட்டுச் சென்றது ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் உள்ள ஒரு சிற்றூருக்கு. அத்தான் அங்கே மருத்துவர். அவர்களுடைய ஒரே மகன் காட்டியல் படித்து, மரத்தோப்புகளைப் பராமரிக்கும் ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டாம் ஆண்டில், மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பில் ஒரு பங்கு அவனுக்கும் வந்தது. பக்கத்துச் செம்மறியாட்டுப் பண்ணைக்காரர்கள், ஆடுகள் குட்டி ஈனும் வசந்த காலத்தில், நரித் தொல்லையைத் தீர்த்துத் தரும்படி கேட்பதும் அவ்வூர் வழக்கம். எனவே அவனுக்கு ஒரு ரைபிள் தேவைப்பட்டது.

பிரிட்டனில் துப்பாக்கி வைத்துக்கொள்வது எளிதன்று. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி காவல்துறையிடம் சான்றிதழ் பெற வேண்டும். எந்தத் துப்பாக்கி, என்ன காரணத்திற்கு, எத்தனை தோட்டாக்கள் என்பதெல்லாம் அச்சான்றிதழுக்குள் அடங்கும். வீட்டிலே பூட்டுள்ள இரும்பு அலமாரியைச் சுவரோடு பொருத்தி, அதனுள் துப்பாக்கியை வைக்க வேண்டும். அதன் சாவி சான்றிதழ் இல்லாத எவர் கைக்கும் போகக்கூடாது. இங்கேதான் சிக்கல் முளைத்தது. நம்முடையது திருநெல்வேலிச் சீமையின் சைவக் குடும்பம். முப்பது ஆண்டுகள் கடல் கடந்து வாழ்ந்தும் அக்காள் வீட்டு அடுப்பில் முட்டைகூட வெந்ததில்லை. மாடிப்படியின் கீழே அலமாரிக்கு இடம் பார்த்தபோது, சுவரின் மறுபக்கம் பூசை அறையாக இருந்தது. அக்காள் மறுத்துவிட்டாள். மகன், வேறு இடத்தில் அறை எடுத்துக்கொண்டு போய்விடுவதாகச் சொல்லிவிட்டான்.

அன்றிரவு நமக்குத் தொலைபேசி வந்தது.

"தம்பி, நீதான் அவன்கிட்டப் பேசணும். தாய்மாமன் சொன்னாக் கேப்பான். நரிக்கு ஒண்ணு, மானுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வாங்காம ரெண்டுக்கும் ஒரே குண்டா வாங்கலாமான்னு ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கான். கொல்றதுலயும் சிக்கனம் பாக்குற பிள்ளையவா நான் பெத்தேன்?"

அக்காளை வருத்தியது துப்பாக்கி மட்டுமன்று, அந்தக் கணக்கு என்பது நமக்குப் புரிந்தது. குறளிலே 'கொல்லாமை' என்று ஓர் அதிகாரமே இருக்க, அதைப் பள்ளி நாளில் மனப்பாடமாக ஒப்பித்த ஒருத்தியின் மகன், கொல்லும் பொருளின் எடையைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருக்கிறான்! ஆனால், கோப்பைப் படிக்காமல் குறிப்பு எழுதக்கூடாது என்பது இருபது ஆண்டுகளாக அலுவலகம் நமக்குக் கற்றுத்தந்த ஒழுங்கு. எனவே அறிவுரை சொல்வதை ஒத்திவைத்து, மருமகனிடம் விவரம் கேட்கத் தொடங்கினோம். ஞாயிறுதோறும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசினோம். ஆறு ஞாயிறுகள் சென்றன.

முதலில், ஏன் கொல்ல வேண்டும் என்று கேட்டோம். ஸ்காட்லாந்துக் காடுகளிலிருந்து ஓநாயும் லிங்க்ஸ் என்னும் காட்டுப்பூனையும் மறைந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. வளர்ந்த மானை வேட்டையாடும் விலங்கு இன்று அங்கே மனிதனைத் தவிர வேறில்லை. மான்கள் பெருகினால் இளங்கன்றுகளின் கொழுந்தைக் கடித்துவிடும், பட்டையை உரித்துவிடும், புதிய காடு தலையெடுக்காது. உணவு குறைந்த கடுங்குளிரில் மான்களே மெலிந்து சாவதும் உண்டு. வேலி போட்டால் ஆகாதா என்று கேட்டோம். வேலியும் போடுகிறார்கள். அதற்குச் செலவு மிகுதி என்பது ஒருபுறம் இருக்க, அடைக்கப்பட்ட மான் அடுத்தவன் தோப்புக்குப் போகும். தாழப் பறக்கும் காட்டுக்கோழி இனப் பறவைகள் அக்கம்பியில் மோதி இறக்கும். ஒன்றைக் காக்கப் போட்ட வேலி மற்றொன்றைக் கொல்கிறது என்று மருமகன் சொன்னபோது, நாம் மேற்கொண்டு வாதிடவில்லை.

அடுத்து, குண்டு என்றால் என்ன என்று கேட்டோம். தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் குப்பியும் அதனுள் மருந்தும் அடியில் தீப்பற்றும் மூடியும் தலையில் செருகிய குண்டும் சேர்ந்ததே தோட்டா. சுட்ட பின் குழலை விட்டுப் பறந்து செல்வது குண்டு ஒன்றே. அதன் எடையைக் 'கிரெய்ன்' என்ற பழைய ஆங்கிலேய நிறையால் குறிக்கிறார்கள். தானிய மணியின் பெயரால் வந்த அளவு அது. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15.4 கிரெய்ன். தங்கத்தைக் குன்றிமணி எடையால் நிறுத்த மரபில் வந்த நமக்கு இது புதுமையன்று. நூறு கிரெய்ன் குண்டு ஏறக்குறைய 6.5 கிராம், 8 கிராம் உள்ள நம் ஒரு சவரனைவிடக் குறைவு. ஒரு சவரனுக்கும் குறைந்த உலோகத்தில் ஒரு மானின் உயிர் அடங்கியிருக்கிறது.

மருமகன் வாங்க நினைத்தது .243 வின்செஸ்டர் என்னும் வகை. 1955இல் அமெரிக்காவில் வெளிவந்தது; .308 வின்செஸ்டர் தோட்டாவின் கழுத்தைச் சுருக்கிச் செய்தது. குழலின் அளவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 243 பங்கு, அதாவது ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பிரிட்டனில் நரிக்கும் மானுக்கும் பொதுவாக ஒரே ரைபிள் வைத்துக்கொள்ள விரும்புவோர் பலர் தேர்ந்தெடுப்பது இதுவே. ஏனெனில் ஐம்பது சொச்சம் கிரெய்ன் முதல் நூறு கிரெய்ன் வரை பலவகைக் குண்டுகள் இதற்குக் கிடைக்கின்றன.

"அப்படியானால் நரிக்கு லேசானது, மானுக்குக் கனமானது என்று இரண்டையும் வைத்துக்கொள்ளேன். எதற்கு இந்த ஒரே எடை?" என்று கேட்டோம்.

"மாமா, அதுதான் ஆபத்து" என்றான் அவன்.

ஒவ்வொரு எடைக்கும் வேகம் வேறு. பறக்கும் வளைவு வேறு. குழல் அதிரும் விதமும் வேறு. எனவே ஒரே ரைபிளில் இரு எடைக் குண்டுகளைச் சுட்டால் அவை ஒரே புள்ளியில் விழுவதில்லை. நூறு கெஜத்தில் இரண்டும் விரற்கடைக் கணக்கில் விலகி விழலாம். குறிகாட்டும் தொலைநோக்கியை ஓர் எடைக்குச் சரிசெய்து வைத்துவிட்டு, மறதியாக மற்ற எடைத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பாயும். வயிற்றில் அடிபட்ட மான் உடனே சாகாது. புதரில் படுத்து மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில், துன்புற்றுச் சாகும். ஒரே எடையை நாடியதற்குக் காரணம் காசு அன்று. இருட்டிலும் குளிரிலும் களைத்த கை எந்தத் தோட்டாவை எடுத்தாலும் குறி தவறக்கூடாது என்பதே.

அக்காள் 'சிக்கனம்' என்று நினைத்தது இதைத்தான். அன்று இரவு நமக்குச் சிறிது நேரம் தூக்கம் வரவில்லை.

நிற்க. ஒரே எடை என்று தீர்மானித்துவிட்டால் எந்த எடை என்ற கேள்வி வருகிறது. இதில் இரண்டு உயிர்களும் இரண்டு பக்கம் இழுக்கின்றன.

அங்குள்ள நரி ஆறேழு கிலோ உடையது, உடல் மெலிது, எலும்பு சிறிது. தென் ஸ்காட்லாந்துத் தோப்புகளில் மிகுதியாகத் திரியும் ரோ மான் இருபது, இருபத்தைந்து கிலோ இருக்கும். மலைப்பக்கத்துச் செம்மானில் ஆண் நூறு கிலோவைத் தாண்டும். நரிக்கென்று செய்த லேசான குண்டின் செப்பு உறை மெல்லியது. பட்ட கணத்தில் பொடிப்பொடியாகச் சிதறும்படி அமைந்தது. நரி அந்த இடத்திலேயே விழும். குண்டும் அதன் உடலுக்குள்ளேயே தீர்ந்துபோகும். அப்பால் பறந்து எவர் மேலும் படாது. அதே குண்டு மானின் தோள் எலும்பில் பட்டால், மேற்சதையிலேயே சிதறி அகன்ற புண்ணை உண்டாக்கிவிட்டு, இதயத்தையும் நுரையீரலையும் எட்டாமல் நின்றுவிடக்கூடும். மான் ஓடிவிடும்.

மானுக்கென்று செய்த கனத்த குண்டு இதற்கு மாறானது. அதன் உறை தடித்தது, மெல்ல விரியும், ஆழமாகச் செல்லும். மானை உடனே வீழ்த்தும். அதே குண்டு நரியின் மேல் பட்டால், அந்தச் சிறிய உடல் அதனைத் தடுத்து நிறுத்தாது. ஊடுருவி மறுபக்கம் வந்து, மிச்சமிருக்கும் வேகத்தோடு பறந்துகொண்டே இருக்கும். பின்னால் மண்மேடு இருந்தால் அதில் புதையும். இல்லையேல் அது எங்கே போகும் என்று யார் சொல்ல முடியும்? நரியைச் சுடுவது பெரும்பாலும் இரவில் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த இழுபறிக்கு நம் அன்பர்கள் அறிந்த உதாரணமும் ஒன்று உண்டு. குமாவுன் மலைகளின் ஜிம் கார்பெட் கனத்த இரட்டைக்குழல் .450/400 துப்பாக்கியையும், இலேசான .275 ரிக்பி ரைபிளையும் தனித்தனியே வைத்திருந்தார். சம்பாவத் புலியைக் கொன்றதற்காக 1907இல் பரிசாக வந்தது அந்த ரிக்பி. காட்டை உயிர்மூச்சாக அறிந்தவர்கூட இரண்டு காரியத்திற்கு இரண்டு கருவி வைத்திருந்தார். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டபடியால், நம் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட கேள்வி எழுவதில்லை. கடல் கடந்த பிள்ளைக்கு எழுந்துவிட்டது.

மருமகன் சட்டப் பிரதியை அனுப்பிவைத்தான். இங்கேதான் எழுத்தருக்கு உயிர் வந்தது. ஸ்காட்லாந்தில் 1985ஆம் ஆண்டு ஆணை ஒன்று உண்டு. மான் எதுவாயினும் குண்டு 100 கிரெய்னுக்குக் குறையக்கூடாது. வேகம் வினாடிக்கு 2,450 அடிக்குக் குறையக்கூடாது. குழல் வாயில் ஆற்றல் 1,750 அடி-பவுண்டுக்குக் குறையக்கூடாது என்று அது விதித்தது. ரோ மானுக்கு மட்டும் 50 கிரெய்ன், அதே வேகம், 1,000 அடி-பவுண்டு போதும் என்று சலுகையும் தந்தது. 2023இல் பொது வரம்பை 100இலிருந்து 80 கிரெய்னாகக் குறைத்தார்கள்.

நம் அலுவலக விதிகளில் நாம் அன்றாடம் காண்பது 'இவற்றுள் எது குறைவோ அது' என்ற வாசகத்தை. முன்பணமா, படியா, எதுவானாலும் அரசு கொடுப்பதைக் குறைக்கும் வழி அது. இந்த ஆணையோ மூன்று வரம்புகளைச் சொல்லி, மூன்றையும் ஒருசேரத் தாண்ட வேண்டும் என்கிறது. ஏன் மூன்று? ஆற்றல் ஒன்றே போதாதா? தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். குண்டின் எடையைக் கிரெய்னிலும், வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தை எடையால் பெருக்கி 4,50,240ஆல் வகுத்தால் ஆற்றல் அடி-பவுண்டில் வந்துவிடும்.

நரிக்கென்று விற்கும் 58 கிரெய்ன் குண்டின் பெட்டியில் போட்டிருந்த வேகம் 3,750 அடி. கணக்கிட்டால் 1,811 அடி-பவுண்டு. மானுக்கென்று விற்கும் 100 கிரெய்ன் குண்டின் வேகம் 2,960 அடி. கணக்கிட்டால் 1,946 அடி-பவுண்டு. இரண்டுமே 1,750ஐத் தாண்டிவிடுகின்றன! வேக வரம்பையும் இரண்டும் தாண்டுகின்றன. தாளின் மேல் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. மானின் உடலுக்குள் அவை செய்வதோ முற்றிலும் வேறு. அந்த வேற்றுமையைப் பிடித்து நிறுத்துவது எடை என்ற மூன்றாம் நிபந்தனை ஒன்றுதான். எல்லைக்குத் தெற்கே, இங்கிலாந்திலும் வேல்சிலும், 1991ஆம் ஆண்டு மான் சட்டம் குழல் அளவு .240 அங்குலத்துக்கும் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்கும் குறையக்கூடாது என்கிறது. குண்டு விரியும் தன்மை உடையதாக இருக்க வேண்டும் என்கிறது. பெரிய மான்களுக்கு எடையைப் பற்றி அது பேசுவதில்லை. 1985இல் ஸ்காட்லாந்து ஆணையை எழுதியவர் எவரோ, அவர் நல்ல எழுத்தர் என்று நாம் மனத்திற்குள் வணங்கினோம்.

ஆனால், மருமகனுக்கு முன்னால் இருந்த மான் ரோ மான். அதற்குச் சட்டம் கேட்பது 50 கிரெய்ன்தான். ஆக, 58 கிரெய்ன் குண்டு நரிக்கும் ஆகும், ரோ மானுக்கும் சட்டப்படி ஆகும். ஒரே எடை வேண்டும் என்றவனுக்குச் சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அவனுடன் வேலை செய்யும் சிலர் அப்படியே செய்கிறார்கள். குறி பிசகாமல் விலா எலும்புகளுக்கு இடையே வைத்தால் ஒன்றும் ஆகாது என்கிறார்கள்.

"குறி பிசகினால்?" என்று கேட்டோம்.

"அதைத்தான் மாமா நானும் யோசிக்கிறேன். நரியைக் கனத்த குண்டால் சுட்டா, நரி எப்படியும் உடனே செத்துரும். ஆபத்து பின்னால இருக்கிறவங்களுக்குத்தான். அதை நான் சுடுறதுக்கு முன்னாடியே பாத்துக்கலாம். மேடு இல்லைன்னா சுடாம வந்துரலாம். மானை லேசான குண்டால சுட்டுட்டு எலும்புல பட்டுதுன்னா, அப்புறம் நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல."

இதைவிடத் தெளிவாக இக்கேள்விக்கு விடை சொல்ல நம்மால் இயலாது. ஒரு தவறு, சுடுமுன் தடுக்கக்கூடியது. மற்றது, சுட்டபின் திருத்த முடியாதது. ஒரே அளவு இரண்டிற்கும் வேண்டுமென்றால், திருத்த முடியாத தவறு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திற்கு ஏற்ற அளவை எடுக்க வேண்டும். மற்றப் பக்கத்துச் சுமையைக் குண்டின் மேல் ஏற்றாமல் தன் பொறுமையின் மேல் ஏற்றிக்கொள்ள வேண்டும். எடை மானுக்காக, காத்திருப்பு நரிக்காக.

இன்னொரு விவரமும் உண்டு. பழைய குண்டுகளின் உள்ளே இருப்பது ஈயம். அது உடைந்து இறைச்சியிலும், காட்டில் விட்டு வரும் குடலிலும் துகள்களாகத் தங்கிவிடுகிறது. அதைத் தின்னும் பறவைகளுக்கு நஞ்சாகிறது. அதனால் முழுச் செம்பால் ஆன குண்டுகளுக்கு மாறிவருகிறார்கள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஒரு கன சென்டிமீட்டருக்கு ஈயம் 11.3 கிராம், செம்பு 8.9 கிராம். எனவே 100 கிரெய்ன் எடைக்குச் செப்புக் குண்டு நீளமாகிவிடும். குழலுக்குள் உள்ள திருகு வரிகள் குண்டைச் சுழற்றி நிலைப்படுத்துகின்றன. பல .243 ரைபிள்களில் அவ்வரி பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. அந்தச் சுழற்சி நீண்ட செப்புக் குண்டுக்குப் போதாமல் போகலாம். செப்புக் குண்டு சிதறாமல் தன் எடையைக் காத்துக்கொண்டு ஆழச் செல்வதால், எடை சற்றுக் குறைந்தாலும் மானுக்குப் போதும். 2023இல் வரம்பை 80ஆகக் குறைத்ததன் நோக்கம் ஈயமில்லாத குண்டுகளுக்கு வழி விடுவதே. அந்த 80 கிரெய்ன் 1,750 அடி-பவுண்டை எட்ட வினாடிக்கு ஏறத்தாழ 3,138 அடி வேகம் வேண்டும் என்பது நம் கணக்கு. மருமகன் பார்த்துவைத்த செப்புக் குண்டின் பெட்டியில் 3,350 என்று இருந்தது. ஆற்றல் 1,994 அடி-பவுண்டு. குழல் குட்டையானால் வேகம் சிறிது குறையும் என்பதால், தன் ரைபிளில் வேகத்தை அளந்து பார்த்த பிறகே முடிவு செய்வதாகச் சொன்னான். 80 கிரெய்ன் செம்பு என்றால் ரோ மான், செம்மான், நரி என்று எதிர்ப்படும் எதற்கும் சட்டமும் சரி, மனமும் சரி.

ஆறாம் ஞாயிறு அக்காளோடு பேசினோம். கொலை சரி என்று நாம் சொல்லவில்லை. சொல்லும் தகுதியும் நமக்கில்லை. அவன் போட்டுக்கொண்டிருந்த கணக்கு என்ன கணக்கு என்பதை மட்டும் வரிசையாக எடுத்துச் சொன்னோம். குறி மாறாமல் இருக்கவே ஒரே எடை. மான் துடிக்காமல் இருக்கவே கனத்த எடை. பருந்து நஞ்சுண்ணாமல் இருக்கவே செம்பு. குட்டி தாயை நம்பியிருக்கும் மாதங்களில் பெட்டை மானுக்குச் சட்டமே விலக்கு அளித்திருப்பதையும் சொன்னோம். அக்காள் வெகுநேரம் பேசவில்லை.

"அவன் இதை எங்கிட்டச் சொல்லலியே, தம்பி" என்றாள் கடைசியில்.

"நீ கேட்டிருக்க மாட்டாய் அக்கா. குண்டு என்ற சொல்லிலேயே நீ எழுந்து போயிருப்பாய்" என்றோம்.

அலமாரி வீட்டிற்கு வந்தது. ஆனால் பூசை அறைச் சுவருக்கு அன்று. அத்தான் தம் புத்தக அறையில் இடம் ஒதுக்கித் தந்தார். அக்காள் இரண்டு நிபந்தனைகள் விதித்தாள். மான் இறைச்சி வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. ஐப்பசிக் கந்தசஷ்டி ஆறு நாளும், மாத கார்த்திகைகளிலும் அலமாரி திறக்கப்படக்கூடாது. பண்ணையார் இதற்கு ஒப்புக்கொண்டு, மருமகனின் முறை நாட்களை மாற்றி எழுதித் தந்தாராம். மகன் வீட்டை விட்டுப் போகவில்லை.

அக்காளின் மனம் இன்றும் முழுதும் ஆறிவிடவில்லை. ஆயினும், அவன் நள்ளிரவு கடந்து வீடு திரும்பும்போது விழித்திருந்து வெந்நீர் வைத்துக்கொடுக்கிறாள். நரியா, மானா, எத்தனை என்று கேட்பதில்லை. "பின்னால மேடு இருந்துச்சால்ல?" என்று ஒன்றை மட்டும் கேட்கிறாள். மேடு இல்லாததால் சுடாமல் திரும்பிய இரவுகளும் உண்டு என்று மருமகன் சொன்னான். அந்த இரவுகளில் வெந்நீருக்குப் பதில் பால் கிடைக்கிறதாம்.

வெளிமாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் ஏற்கும் தொழில்களின் பெயர்கூட நமக்கு வாயில் நுழைவதில்லை. அவற்றில் சில, நம் வீட்டு ஒழுக்கத்தோடு முட்டிக்கொண்டு நிற்கவும் செய்யும். அப்போது நமக்குத் தெரிந்த பழைய நீதியை எடுத்து நீட்டுவது எளிது. அந்த நீதியையே பிள்ளை தன் தொழிலின் மொழியில், கிரெய்ன் கணக்கிலும் அடிக் கணக்கிலும், நமக்கு முன்பே தேடிக்கொண்டிருக்கக்கூடும். அதை அறிய அத்தொழிலின் விவரத்தைச் சற்றே பொறுமையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. நமக்கு ஆறு ஞாயிறுகள் பிடித்தன. அக்கணக்கு எழுதிய தாளை அலுவலகக் கோப்பைப் போலவே நூல் கோத்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம். ஊருக்கு வரும்போது தனக்கு வேண்டும் என்று மருமகன் கேட்டிருக்கிறான்.